முழுதும் எழுதியவர்

என்னை ஜெயிலுக்கு அனுப்ப வந்த மனிதருக்கு நானே மேஜையும் நாற்காலியும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒரு முறை இரு முறை அல்ல, ஏழெட்டு வருஷம். அந்தக் காலத்தில் பொதுக்கூட்டம் என்றால் அதுதான் வழக்கம். போலீஸில் மனு கொடுத்து அனுமதி வாங்கினால், அனுமதிக் கடிதத்தின் அடியில் ஒரு நிபந்தனை இருக்கும்: சுருக்கெழுத்து எழுத வருகிற ரிப்போர்ட்டருக்கு மேடையருகே மேஜை, நாற்காலி, விளக்கு எல்லாம் கூட்டம் நடத்துகிறவர்களே வைக்க வேண்டும். நாங்கள் சர்க்காரைத் திட்டுவோம். அதை எழுதிக்கொள்ள சர்க்கார் ஆள் அனுப்பும். அவர் சௌகரியமாக உட்கார நாங்கள் நாற்காலி தேடி அலைவோம். அரியலூரில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த நான், பல தடவை கடை நாற்காலியையே தலையில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

திருச்சியிலிருந்து ரயிலில் வருவார். ஒல்லியான ஆள், நாற்பத்தைந்து வயதிருக்கும். மூடிய கோட்டு, வேஷ்டி, கையில் தகரப் பெட்டி, தோளில் ஒரு கூஜா. கூஜாவில் அவருடைய தண்ணீர். நாங்கள் கொடுக்கும் சோடாவைத் தொட மாட்டார். பேச்சாளருக்குச் சோடா உடைத்துக் கொடுக்கும்போது பழக்கதோஷத்தில் அவருக்கும் ஒன்று நீட்டுவோம். தலையை மட்டும் ஆட்டுவார்.

காதுகளை அவர் கவனித்துக்கொண்ட மாதிரி வேறு யாரும் கவனித்து நான் பார்த்ததில்லை. கூட்டத்துக்கு முதல் நாள் கல்யாண வீட்டுக்குப் போக மாட்டாராம். மேளச் சத்தம் கேட்டால் மறுநாள் முழுக்கக் காது மந்தமாக இருக்குமாம். சொந்தத் தம்பி கல்யாணத்திலேயே தாலி கட்டும் நேரத்தில் கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டார் என்று அவரோடு வரும் ஏட்டு சொல்லிச் சிரிப்பார். ரிப்போர்ட்டர் சிரிக்க மாட்டார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும் இடங்களிலும் அவர் முகம் அசையாது. பென்சில் மட்டும் ஓடும். பிறகு பார்த்தால் அந்த இடத்தில் அடைப்புக்குறிக்குள் ‘சிரிப்பு’ என்று இருக்கும்.

சிரிப்பு, கைதட்டல், குறுக்கே எழுந்தவன் கேட்ட கேள்வி, கூட்டத்துக்குள் மாடு புகுந்தது, எல்லாவற்றையும் எழுதுவார். கேட்காத இடத்தில் கேட்கவில்லை என்று எழுதிவிடுவார், ஊகித்து நிரப்ப மாட்டார். பெரம்பலூரில் எங்களுக்கு ஒரு தலைவர் இருந்தார். நாலு வார்த்தைக்கு ஒரு முறை ‘அதாவது’ போடாமல் அவருக்குப் பேச வராது. ஒரு வழக்கில் அவருடைய பேச்சின் நகல் அவர் கைக்கே வந்தது. அதில் அத்தனை ‘அதாவது’வும் ஒன்று குறையாமல் வரிசையாக நின்றன. தலைவருக்கு ஜெயிலை விட அதுதான் அவமானமாகிவிட்டது. அடுத்த கூட்டத்தில் மேஜைக்கே போய், நான் சொல்ல வந்தது என்ன என்று புரிந்துகொண்டு எழுதக் கூடாதா என்று சண்டை பிடித்தார். நீங்கள் சொல்ல வந்தது என் காதில் விழவில்லை, சொன்னதுதான் விழுந்தது என்றாராம் இவர், மரியாதையாகவே.

அவர் யார் பக்கம் என்று கண்டுபிடிக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒரு நாள் நேராகவே கேட்டேன். “மேடைக்குக் கிழக்குப் பக்கங்க. காத்து அங்கேருந்துதான் அடிக்குது, நல்லாக் கேக்கும்” என்றார். கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். நாற்காலியைக் கிழக்கே நகர்த்திக்கொண்டிருந்தார்.

‘பாசிஸ்ட்’ என்ற வார்த்தை எங்கள் பக்கத்துக்கு வந்ததே யுத்தத்தோடுதான். யுத்தப் பிரசார லாரி ஒன்று ஒலிபெருக்கிக் குழாய் கட்டிக்கொண்டு ஊர் ஊராக வரும். வெள்ளைக்காரனை வெளியே போகச் சொல்கிற கதர்க்காரர்கள் எல்லாம் பாசிஸ்ட் கைக்கூலிகள் என்று அது முழங்கும். மறுநாள் அதே இடத்தில் நாங்கள் மேடை போட்டு வெள்ளைக்காரனே பாசிஸ்ட் என்போம். சுதந்திரம் வந்தது. எங்களில் பாதிப் பேர் ஆட்சிக்குப் போனார்கள், மீதிப் பேர் குடியானவர் சங்கம் வைத்தோம். அவர்கள் எங்களை பாசிஸ்ட் என்றார்கள். நாங்கள் அவர்களை அதையே சொன்னோம். வேப்பந்தட்டை போகிற, கரிவாயுவில் ஓடும் பஸ்ஸில் ஒரு நாள் ரிப்போர்ட்டருக்குப் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. அந்த வார்த்தைக்கு மட்டும் தனியாக ஒரு சின்னக் கோடு வைத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். எல்லோரும் எல்லோரையும் சொல்கிறார்கள், முழுதாக எழுதினால் கை வலிக்கிறது என்றார். அவர் பேசி நான் கேட்ட மிக நீளமான பேச்சு அதுதான்.

நான் அவரைச் சிரித்துக்கொண்டே சொல்வதாக உங்களுக்குத் தோன்றலாம். உண்மையில் அந்த மனிதரை நான் வெறுத்தேன். மேஜை போடும்போது ஒவ்வொரு தடவையும் என் வயிறு எரியும். காரணம் என் தங்கை.

அவளுடைய கணவர்தான் நாற்பத்திரண்டில் எங்கள் வட்டாரத்தின் பெரிய பேச்சாளர். பெரம்பலூர் சந்தைத் திடலில் அவர் பேசினார். இந்த சர்க்காருக்கு இனி வரி கட்டாதீர்கள், பட்டாளத்துக்கு ஆள் கொடுக்காதீர்கள் என்று ஒன்றரை மணி நேரம் பேசினார். கைது செய்தார்கள். பட்டாளம் பற்றிச் சொன்ன அந்த ஒரு வரி இல்லாவிட்டால் அபராதத்தோடு போகும், இருந்தால் ஜெயில் நிச்சயம் என்றார் வக்கீல். தங்கைக்கு அப்போது ஏழாம் மாதம். நான் திருச்சிக்குப் போய் ரிப்போர்ட்டரின் வீட்டைத் தேடிப் பிடித்தேன். கெஞ்சினேன். கேட்கவில்லை என்று அந்த ஒரு இடத்தில் போட்டுவிடக் கூடாதா, காற்று வேறு பக்கம் அடித்தது என்று சொல்லக் கூடாதா என்றேன்.

“கேட்டுச்சே” என்றார். அவ்வளவுதான்.

கோர்ட்டில் நின்று பேச்சு முழுவதையும் படித்தார். மாப்பிள்ளைக்கு ஒரு வருஷம். உள்ளே போனவர் இருமலோடு திரும்பி வந்தார், நாற்பத்தைந்தாம் வருஷம் செத்துப் போனார். குழந்தைக்கு அப்பா முகம் சரியாகக்கூட ஞாபகமில்லை. தண்டவாளத்தைப் பிடுங்குங்கள் என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி அன்றைக்கு இன்ஸ்பெக்டர் அவரை நெருக்கியதாகவும், அவர் சேர்க்க மறுத்ததாகவும், சேர்த்திருந்தால் அஞ்சு வருஷம் போயிருக்கும் என்றும் ஏட்டு பின்னால் என்னிடம் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. சேர்க்க மாட்டேன் என்றவர் ஒன்றைக் குறைத்திருக்கலாமே என்றுதான் நினைத்தேன்.

நாற்பத்தொன்பதில் என் முறை வந்தது.

நெல் கொள்முதல் கெடுபிடி உச்சத்தில் இருந்த சமயம். விதைநெல்லைக்கூட விடாமல் அளந்துகொண்டு போகிறார்கள் என்று தா.பழூர் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்து அழுதார்கள். அரியலூரில் கூட்டம் போட்டோம். என் பேச்சுக்கென்று ஒரு பாணி உண்டு. கூத்தில் கட்டியக்காரன் செய்வது போல இரண்டு குரலில் பேசுவேன். மூக்கால் பேசினால் கொள்முதல் அதிகாரி. தொண்டையைக் கரகரத்துக்கொண்டால் குடியானவர். இருவரும் களத்துமேட்டில் சண்டை போடுவார்கள். ஜனங்கள் அதற்காகவே வருவார்கள். அன்றைக்கும் அதைச் செய்தேன். அதிகாரி மிரட்டினார். குடியானவர், “களத்துல கால வச்சுப் பாரு, வைக்கப்போரோட சேத்துக் கொளுத்திப்புடுவேன்” என்றார். உடனே என் சொந்தக் குரலுக்கு வந்து, நெருப்பெல்லாம் வேண்டாம் மாமா, ஆயிரம் பேர் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுப்போம் வா என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தபோது வந்து பிடித்தார்கள். குற்றப்பத்திரிகையில் என் பேச்சிலிருந்து ஒரு துண்டு மட்டும் இருந்தது. களத்துக்கு வரும் அதிகாரியை வைக்கோல்போரோடு சேர்த்துக் கொளுத்திவிடுவேன் என்று நான் சொன்னேனாம். என் குரலும் குடியானவர் குரலும் காகிதத்தில் ஒன்றாகிவிட்டன. சிரிப்பு இல்லை, மனு இல்லை. பொது அமைதிச் சட்டத்தில் மூன்று வருஷம் வரை தரலாம் என்றார் வக்கீல். என்னைக் காப்பாற்ற ஒரே வழி, ரிப்போர்ட்டர் எழுதிய மூல நோட்டுப் புத்தகம். அதில் என்ன எழுதியிருக்கிறாரோ, அதை அவர் வாய் திறந்து சொல்வாரோ, யாருக்குத் தெரியும்?

சப்ஜெயிலுக்குச் சோறு கொண்டுவந்த தங்கையிடம் இதைச் சொன்னேன். தூக்கைக் கீழே வைத்தாள். “அந்த ஆளு வாயாலயாண்ணே நீ தப்பிக்கணும்?” என்றாள்.

அதைவிட ஒரு பெரிய பயம் எனக்குள் இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. அன்றைய கூட்டத்தின் கடைசியில் எனக்குச் சூடு ஏறிவிட்டது. அதற்கு முந்தின வாரம்தான் எங்கள் சங்கத்துப் பையன் ஒருவனுக்குத் துண்டுப் பிரசுரம் ஒட்டியதற்காக ஊர் கோர்ட்டில் அபராதம் போட்டிருந்தார்கள். அந்த ஆத்திரத்தில், இது பாசிஸ்ட் சர்க்கார், இந்த ஊர் கோர்ட் அதற்குத் தீர்ப்பு எழுதிக் கொடுக்கிற பாசிஸ்ட் கோர்ட், அங்கே போய் நியாயம் கேட்கிறவன் முட்டாள் என்று பேசிவிட்டேன். மனு கொடு என்று சொன்ன அதே வாயால், அரைமணி நேரம் கழித்து. போலீஸ் எடுத்த துண்டில் இது இல்லை. எனக்கு வழக்கு வந்திருப்பது அதே கோர்ட்டில். விசாரிக்கப் போவது அதே மாஜிஸ்ட்ரேட்.

விசாரணை நாள் வந்தது. தங்கை பெண்கள் நிற்கும் மூலையில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கூண்டில். போலீஸ் தரப்பு அதிகாரி துண்டை ரிப்போர்ட்டரிடம் நீட்டி, இது நீங்கள் எழுதியதிலிருந்து எடுத்ததுதானா என்று கேட்டார். ஆமாம் என்றார். குற்றம் சாட்டப்பட்டவர் இந்த வார்த்தைகளைச் சொன்னது உண்மைதானா என்றார். ரிப்போர்ட்டர் துண்டைத் திருப்பிக் கொடுத்தார்.

“சொன்னாருங்க. ஆனா அவரு குரல்ல சொல்லலைங்க.”

கோர்ட்டே ஒரு நிமிஷம் புரியாமல் விழித்தது. பிறகு என் வக்கீல் எழுந்து, அப்படியானால் மூலத்தைப் படிக்கட்டும் என்றார். போலீஸ் தரப்பு ஆட்சேபித்தது. மாஜிஸ்ட்ரேட் அனுமதித்தார். ரிப்போர்ட்டர் தகரப் பெட்டியைத் திறந்து நோட்டை எடுத்து, தலைமை வகித்தவரின் பெயரிலிருந்து ஆரம்பித்தார்.

என் பேச்சு ஒரு மணி பத்து நிமிஷம். ஏற்றமோ இறக்கமோ இல்லாமல் சமையல் குறிப்பு வாசிக்கிற மாதிரி அதைப் படித்தார். மேடையில் சக்கைப்போடு போட்ட என் பேச்சு அவர் வாயில் எவ்வளவு அசட்டுத்தனமாகக் கேட்டது என்று எனக்கே கூச்சமாக இருந்தது. அந்த இடம் வந்தது. அடைப்புக்குறிக்குள் ‘மூக்கால், அதிகாரி மாதிரி’ என்று படித்தார். அடுத்து, ‘கரகரத்த குரலில், குடியானவர் மாதிரி’. அப்புறம் அந்தக் கொளுத்துகிற வரி. அப்புறம், ‘சொந்தக் குரலில்’. மனு. சிரிப்பு. மாஜிஸ்ட்ரேட் துண்டை எடுத்துப் பார்த்தார், போலீஸ் தரப்பு அதிகாரியைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

என் வக்கீலுக்கும் கடைசிப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரியும். நான் சொல்லியிருந்தேன். சட்டென்று எழுந்து, தேவையானது வந்துவிட்டது, மீதி வேண்டியதில்லை என்றார். நல்ல வேளையாகப் போலீஸ் தரப்பும் சலிப்பில் பேசாமல் இருந்தது. மாஜிஸ்ட்ரேட் தலையசைக்கப் போனார்.

ரிப்போர்ட்டர் நோட்டை மூடவில்லை. “பாதியில நிறுத்துனா இதுவும் துண்டு எடுத்த மாதிரிதானுங்க” என்றார், யாரையும் பார்க்காமல்.

அந்த நிமிஷம் அவர் கழுத்தைப் பிடித்து நெரிக்கலாம் என்று தோன்றியது. மாஜிஸ்ட்ரேட் படிக்கச் சொன்னார். இவர் படித்தார். பாசிஸ்ட் சர்க்கார். பாசிஸ்ட் கோர்ட். நியாயம் கேட்கப் போகிறவன் முட்டாள். பலத்த கைதட்டல். அதே குரல், அதே வேகம். அந்த முட்டாளாக நான் கூண்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாஜிஸ்ட்ரேட் கண்ணாடியைக் கழற்றினார். “இது நீங்க சொன்னதுதானா?”

வக்கீல் கண்ணைக் காட்டினார், நினைவில்லை என்று சொல் என்று. எட்ட நின்ற தங்கையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ரிப்போர்ட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சொன்னேனுங்க” என்றேன். “என் குரல்லயேதான் சொன்னேன்.”

ஒரு வாரம் தள்ளி வைத்தார்கள். தீர்ப்பு நாளன்று கொளுத்தச் சொன்ன குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று மாஜிஸ்ட்ரேட் படித்தார். கோர்ட்டைப் பற்றிச் சொன்னதைப் பொறுத்தவரை, யாரைப் பற்றிச் சொன்னதோ அவரே அதை எடை போடுவது முறையல்ல, தன்னைப் பற்றிக் குடிமகன் ஒருவன் மோசமாக நினைக்கிறான் என்பதற்காக இந்தக் கோர்ட் அவனை உள்ளே வைக்காது என்று இரண்டே வரி. விடுதலை. பாசிஸ்ட் கோர்ட் என்று நான் சொன்ன கோர்ட்டிலிருந்து என் காலாலேயே நடந்து வெளியே வந்தேன். வெட்கமாக இருந்தது, ரொம்ப வெட்கமாக இருந்தது.

வெளியே தங்கை, “எங்க வீட்டுக்காரரு கேசுலயும் இப்படியேதாண்ணே படிச்சாரு” என்றாள். “ஒரு எழுத்து ஏறல, எறங்கல.” அவள் ரிப்போர்ட்டரை மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்டதில்லை.

தீர்ப்புக்கு ரிப்போர்ட்டரும் வந்திருந்தார். அன்று சாயங்காலம் ரயில் ஸ்டேஷனுக்கு ஓடினேன். பிளாட்பாரத்தில் தகரப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். நன்றி சொல்ல வாயெடுத்தேன், எனக்கே அது பொருத்தமாகப் படவில்லை. கடைசிப் பக்கத்தையும் படித்தேனே, அதற்கும் சேர்த்தா நன்றி என்று கேட்டார். பிறகு, தன்னை வேறு ஜில்லாவுக்கு மாற்றிவிட்டார்கள், அங்கே ஆவண அறையில் பழைய கட்டுகளை அடுக்கும் வேலை என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. வருத்தமா என்று கேட்டேன். காதுக்கு ஓய்வு என்றார். வண்டி வந்தது. ஏறும்போது, மாப்பிள்ளையின் பேரைச் சொல்லி, அவர் நல்ல பேச்சாளர், எழுத எழுதக் கை அலுக்காது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் பெரம்பலூரில் கூட்டம். விடுதலையாகி வந்த எனக்கு வரவேற்பு. நிபந்தனைப்படி மேஜையும் நாற்காலியும் போட்டோம். புதிதாக ஒரு ரிப்போர்ட்டர் வந்திருந்தார். இளவயது, சிரித்த முகம். நாங்கள் நீட்டிய சோடாவை வாங்கிக் குடித்தார். தலைவர் பேசினார், இன்னொருவர் பேசினார். இவர் நோட்டைத் திறக்கவே இல்லை. நான் பேச எழுந்தபோதும் திறக்கவில்லை. மேடை விளிம்புக்குப் போய்க் குனிந்து, எழுதவில்லையா என்று கேட்டேன்.

“நீங்க பேசுங்க சார்” என்றார் அன்பாக. “என் ரிப்போர்ட்டு மத்தியானமே ஆபீசுக்குப் போயிட்டுது.”

எத்தனையோ மேடை ஏறியிருக்கிறேன். தடியடிக்கு நடுவில் பேசியிருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக மேடையில் பயந்தேன். எதிரே ஆயிரம் முகம். அதிகாரி எப்போது வருவார், குடியானவர் எப்போது வருவார் என்று காத்திருக்கிறார்கள். கைகூப்பி வணக்கம் சொன்னேன். ஏதோ பேசினேன்.

நாலாம் நாள் கைது. போலீஸ் ஸ்டேஷனில் அந்த ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டினார்கள். திணறாமல், தடுமாறாமல் ஒரு பேச்சு அதில் இருந்தது, அடியில் என் பெயர் இருந்தது. இது என் பேச்சே இல்லை என்றேன். அப்படியானால் அன்றைக்கு வேறு என்னதான் பேசினாய் என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். யோசித்துப் பார்த்தேன். பயத்தில் பேசியது ஒன்றும் ஞாபகம் வரவில்லை. சொல்லக்கூடிய ஒரே மனிதர் எங்கேயோ ஒரு ஜில்லாவில் பழைய கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.